தார் பாலைவனத்து ஏரிகளும் சிந்துவெளி மழையும்

மொகஞ்சதாரோ அகழாய்வைப் பற்றி 1931-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த நூலில் ஜான் மார்ஷல் ஒரு கருத்தை முன்வைத்தார். அந்த நகரம் செழித்திருந்த காலத்தில் சிந்துப் பகுதியில் இன்று பெய்வதைவிட நல்ல மழை பெய்திருக்க வேண்டும் என்பதே அது. வெயிலில் காய்ந்த பச்சைக் கல்லே போதும் என்கிற வறண்ட ஊரில் விறகைக் கொட்டிச் செங்கல் சுட்டுக் கட்டுவார்களா, மழையே இல்லாத தெருவில் இத்தனை நேர்த்தியாக வடிகால் போடுவார்களா, முத்திரைகளில் யானையும் காண்டாமிருகமும் புலியும் எங்கிருந்து வந்தன என்பவை அவருடைய கேள்விகள். கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். ஆனால் 1961-இல் ராபர்ட் ரைக்ஸ், ராபர்ட் டைசன் இருவரும் இவற்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். வடிகால் வீட்டுக் கழிவுநீருக்காக இருக்கலாம். சுட்ட செங்கலுக்கு மழையைத் தவிர வேறு காரணங்கள் உண்டு. ஆற்றோரப் புதர்க்காடு இருந்தால் காண்டாமிருகத்துக்குப் போதும். வானம் பொழிய வேண்டியதில்லை. பாபர் 16-ஆம் நூற்றாண்டில் பெஷாவர் பக்கத்தில் காண்டாமிருகம் வேட்டையாடியதைத் தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த நாளைய பெஷாவரை யாரும் மழைக்காடு என்று சொல்வதில்லை. மனிதன் செய்த பொருளை வைத்து மழையை அளக்கப் போனால் இப்படித்தான் முடியும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விளக்கம் இருக்கும். மழையை அறிய மழை தானே விட்டுச்சென்ற தடயத்தைத் தேட வேண்டும். தார் பாலைவனத்திலும் அதன் ஓரத்திலும் கிடக்கும் உப்பு ஏரிகளின் அடிச்சேற்றில் அந்தத் தடயம் இருக்கிறது.

ஜெய்ப்பூருக்கு மேற்கே உள்ள சாம்பர், அதற்கு வடமேற்கே தித்வானா, பிகானேருக்கு அப்பால் லுங்கரன்சர் ஆகியவை கடலுக்கு வழியில்லாத தாழ்நிலங்கள். மழைக்காலத்தில் நீர் வந்து சேரும். போவதற்கு ஆவியாவதைத் தவிர வேறு வழி கிடையாது. சாம்பர் பல நூற்றாண்டுகளாக உப்பளம்; அதன் சேற்றுக்கு வேறு மதிப்பு உண்டு என்று 1960-கள் வரை யாருக்கும் தோன்றவில்லை. லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி தொல்தாவரவியல் நிறுவனத்திலும் பின்னர் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய குர்தீப் சிங், இந்த மூன்று உப்பு ஏரிகளிலும் நன்னீர் ஏரியான புஷ்கரிலும் அடிமண்ணை எடுத்து, அதற்குள் புதைந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்தார். மகரந்தத் துகளின் மேலோடு இயற்கையில் எளிதில் அழியாத பொருள்களில் ஒன்று. காற்றுப்படாத சேற்றில் அது பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். கடுமையான அமிலத்தால் மண்ணைக் கரைத்து நீக்கினாலும் துகள் எஞ்சும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எது புல், எது உப்புநிலச் செடி, எது சம்பு, எது மாசிபத்திரி இனம், எது நாவல் இனம் என்று பிரித்துவிடலாம். உப்புநிலச் செடிகள் பெருகினால் வறட்சி. சம்பும் நாவலும் தலைகாட்டினால் நன்னீரும் மழையும். அடுக்கு அடுக்காக எண்ணிக்கொண்டே போனால் அந்த வட்டாரத்துத் தாவரங்களின் பத்தாயிரம் ஆண்டு வரலாறு கிடைத்துவிடும். மழையின் வரலாற்றையும் அதிலிருந்தே ஊகிக்கலாம்.

1971-இல் குர்தீப் சிங் தனியாகவும், 1974-இல் ஜோஷி, சோப்ரா, ஏ. பி. சிங் ஆகியோருடன் சேர்ந்து லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழிலும் வெளியிட்ட முடிவு இது: கி.மு. 3000 வாக்கில் மழை வெகுவாகக் கூடியது, கி.மு. 1800 வாக்கில் குறைந்தது. இடையில் சற்றுத் தேறி, கி.மு. 1000-க்குப் பிறகு நிலம் மீண்டும் காய்ந்தது. இதைப் படித்த தொல்லியலாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சிந்துவெளி நகரங்களின் எழுச்சியும் சரிவும் ஏறக்குறைய இதே கால எல்லைக்குள் வருகின்றன. மார்ஷல் செங்கலிலும் முத்திரையிலும் தேடிய மழை கடைசியில் ஏரிச் சேற்றில் அகப்பட்டுவிட்டதாகத் தோன்றியது. இன்னொரு காரணமும் இதற்கு உதவியது. நகரங்கள் படையெடுப்பில் அழிந்தன என்று மார்ட்டிமர் வீலர் 1940-களில் சொன்ன கதை அதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. மொகஞ்சதாரோத் தெருக்களில் கிடந்த எலும்புக்கூடுகள் ஒரே படுகொலையின் சான்று அல்ல என்று ஜார்ஜ் டேல்ஸ் 1964-இல் காட்டியிருந்தார். குற்றவாளி விடுதலையாகிவிட்டான், குற்றம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் காலி இடத்தில் வறட்சி வந்து உட்கார்ந்தது. ஒரு விளக்கம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போதுதான் அதன் கணக்கை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். இங்கே பிழை இருந்தது தாவரங்களின் அடையாளத்தில் அல்ல, ஆண்டுக் கணக்கில்.

சேற்றுக்கு வயது சொல்வது ரேடியோகார்பன். உயிருள்ளவரை செடியும் விலங்கும் காற்றிலிருந்தோ உணவிலிருந்தோ கார்பன்-14 அணுக்களைப் பெறுகின்றன. இறந்த பிறகு வரவு நின்றுவிடும்; இருப்பு மட்டும் 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். வில்லார்ட் லிப்பி 1940-களின் இறுதியில் உருவாக்கி 1960-இல் நோபல் பரிசு பெற்ற இந்த முறையில் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. காற்றிலிருந்த கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றே என்று அது எடுத்துக்கொண்டது. பின்னர், வளையம் எண்ணி வயது தெரிந்த மரங்களை, முக்கியமாகக் கலிபோர்னியாவின் முதுபெரும் பைன் மரங்களை, வளையம் வளையமாக அளந்தபோது அந்த அனுமானம் தவறு என்று தெரிந்தது. ரேடியோகார்பன் 5000 ஆண்டு என்று காட்டுவது உண்மையில் ஏறக்குறைய 5700 ஆண்டு. குர்தீப் சிங்கின் கணக்கு திருத்தப்படாத ரேடியோகார்பன் ஆண்டுகளில் இருந்தது. அதுவும் சில புள்ளிகளை மட்டும் அளந்து, இடைப்பட்ட அடுக்குகளுக்கு விகிதம் போட்டுப் பெற்ற வயது. திருத்தினால் அவருடைய மழைக்காலத்தின் தொடக்கம் கி.மு. 3700-ஐ ஒட்டிப் பின்னால் நகர்கிறது, கி.மு. 1800 என்று அவர் வைத்த சரிவு கி.மு. 2200 பக்கம் போகிறது. நகரங்களின் முதிர்ந்த காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை. நகரங்கள் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே மழை கூடிவிட்டது. அவை இன்னும் நன்றாக இருக்கும்போதே குறையத் தொடங்கிவிட்டது. கச்சிதமான பொருத்தம் இப்படிக் குலைந்தது.

குலைந்ததை மேலும் உலுக்கியது லுங்கரன்சர். 1999-இல் யெஹுடா என்செல் தலைமையிலான குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ரேடியோகார்பன் கணக்கில் 6300 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி திடீரென உயர்ந்ததையும், 4800 ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் வற்றியதையும் காட்டியது. திருத்திய கணக்கில் ஏரி வற்றியது கி.மு. 3500-ஐ ஒட்டி. ஹரப்பா, மொகஞ்சதாரோ பெருநகரங்களாவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே லுங்கரன்சர் வறண்ட தரையாகிவிட்டது. என்செல் குழு சுற்றிவளைக்கவில்லை: இந்த நாகரிகம் செழித்ததே வறண்ட காலத்தில்தான் என்றது. மழை கூடியதால் நகரம், குறைந்ததால் அழிவு என்ற வாய்ப்பாடு அதோடு உடைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மறுப்புகளும் வந்தன, அவற்றில் சில வலுவானவை. உப்பு ஏரியின் நீரில் பழைய சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த கார்பன் கலந்திருக்கும். அந்தக் கார்பனை எடுத்துக்கொண்ட பாசி, இறக்கும்போதே நூற்றுக்கணக்கான ஆண்டு வயதானதாகக் கணக்கில் தெரியும். அடுத்து, லுங்கரன்சர் நிலத்தடி நீரைச் சார்ந்த ஒரு தனி வட்டில். அது வற்றியதால் இருநூறு கிலோமீட்டர் தொலைவில் மழை பொய்த்தது என்று பொருளாகிவிடாது. அந்த வட்டாரத்துக்கு இரண்டு மழை உண்டு: கோடையில் தென்மேற்குப் பருவமழை, குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மழை. ஏரியின் அளவு இரண்டின் கூட்டுத்தொகையைச் சொல்லும். எது குறைந்தது என்று சொல்லாது. கோதுமையும் வாற்கோதுமையும் பயிரிடும் உழவனுக்குக் குளிர்கால மழை போதும். கோடை மழை தவறினாலும் அவன் பிழைத்துக்கொள்வான். இந்த மறுப்புகள் எல்லாம் நியாயமானவையே. ஆனால் இவற்றால் குர்தீப் சிங்கின் பழைய ஆண்டுக்கணக்கு மீண்டுவிடவில்லை. ஓர் ஏரியை வைத்து ஒரு நாகரிகத்தின் விதியை எழுதக் கூடாது என்பதே இவற்றின் பயன். அது சாம்பருக்கும் பொருந்தும், லுங்கரன்சருக்கும் பொருந்தும்.

அப்படியானால் எந்த ஏரி? நகரங்களுக்கு அருகில் இருக்க வேண்டும்; கோடை மழைக்கு நேரடியாக எதிர்வினை காட்ட வேண்டும்; வயது சொல்ல நம்பகமான பொருள் அதில் இருக்க வேண்டும். ஹரியானாவின் மேவாத் பகுதியில், இன்று மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் கோட்லா தஹர் என்ற பழைய ஏரி இவற்றுக்கு ஓரளவு ஒத்துவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யமா தீக்ஷித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மகரந்தத்தை அல்ல, நத்தை ஓட்டை. இதன் சூட்சுமம் எளிது. ஆக்சிஜனில் எடை குறைந்த அணுவும் எடை கூடிய அணுவும் உண்டு. நீர் ஆவியாகும்போது இலேசானது முதலில் கிளம்பிவிடும்; கனமானது பின்தங்கும். குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுவது போல, ஏரி வற்ற வற்ற எஞ்சிய நீரில் கனமான ஆக்சிஜனின் பங்கு ஏறிக்கொண்டே போகும். அந்த நீரில் வாழும் நத்தை தன் ஓட்டைக் கட்டிக்கொள்ளும்போது அதே விகிதத்தை ஓட்டிலும் பதித்துவிடுகிறது. கோட்லா தஹரின் 6500 ஆண்டு அடுக்குகளில் பொறுக்கிய நத்தை ஓடுகளை அளந்தபோது, இன்றைக்கு ஏறத்தாழ 4100 ஆண்டுகளுக்கு முன், அதாவது கி.மு. 2150 வாக்கில், அந்த விகிதம் ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவில் எகிறியது. கேட்க அற்பமாக இருக்கும். இந்தத் துறையில் அது பெரிய தாவல். நீரின் வரவுக்கும் ஆவியாதலுக்கும் இருந்த சமன் தலைகீழானதன் அடையாளம். ஏரிக்கு வரவு பெரும்பாலும் பருவமழை. ஆகவே கோடை மழை தளர்ந்தது என்பதே நேரடியான பொருள். அந்தத் தளர்ச்சி சுமார் இருநூறு ஆண்டுகள் நீடித்ததாக அவர்கள் கணிக்கிறார்கள். மகரந்தத்தைவிட நத்தை நல்ல சான்று என்பது என் எண்ணம். மகரந்தம் காற்றில் பல கல் தூரம் பறந்து வரும். மனிதன் காட்டை வெட்டினாலும் மேய்ச்சலுக்கு விட்டாலும் அதன் விகிதம் மாறும். நத்தை வேறெங்கும் போகாது.

இதே குழு நான்கு ஆண்டுகள் கழித்து, 2018-இல், ராஜஸ்தானின் வடக்கு விளிம்பிலுள்ள கர்சாண்டி என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போனது. அங்கே நத்தை இல்லை, ஜிப்சம் இருந்தது. ஜிப்சம் படிகம் உருவாகும்போது ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடேற்றினால் அந்த நீர் வெளியே வரும். ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏரியின் நீரையே அளக்க முடிகிறது என்றால், மண்ணியலில் இதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது. கர்சாண்டி சொன்னது: கி.மு. 3150-ஐ ஒட்டி ஓரளவு ஈரம், கி.மு. 3050 முதல் 2450 வரை பருவமழை மேலும் வலுத்தது. அதன் பின் வறட்சி. காலிபங்கன் முதலிய ஊர்கள் பாலைவனத்தின் ஓரத்தில் எழுந்த காலம் இந்த ஈரமான காலத்தோடு சேர்ந்துவருகிறது. லுங்கரன்சர் அதற்கு முன்பே வற்றியிருந்தது என்பதோடு இது முரண்படவில்லையா? முரண்படுகிறது. ஆனால் இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரு படுகை நிலத்தடி நீரில் நிற்கிறது, மற்றொன்று மழையின் ஏற்ற இறக்கத்தை உடனே காட்டுகிறது. இரண்டின் வயதுக் கணிப்பிலும் நூறு, இருநூறு ஆண்டு முன்பின் இருக்கும். நாகரிகம் முழுவதும் ஒரே வானிலையின் கீழ் இருந்தது என்று எண்ணுபவருக்குத்தான் இது சங்கடம். சிந்துவெளி ஊர்கள் குஜராத் கடற்கரையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை பரவியிருந்தவை. இன்றும் அந்தப் பரப்பில் ஒரே ஆண்டில் ஓரிடத்தில் வெள்ளமும் மற்றோரிடத்தில் வறட்சியும் வருகின்றன.

இரண்டு மூன்று குளங்களை வைத்துக்கொண்டு பருவமழையே தளர்ந்தது என்று சொல்லலாமா என்ற கேள்வி அப்படியும் எஞ்சும். தொலைவிலிருந்து வேறு சான்றுகள் வருகின்றன. கராச்சிக்கு அருகே அரபிக்கடலின் அடியிலிருந்து எடுத்த படிவில், சிந்து நதி கடலுக்குக் கொண்டுவந்த நன்னீர் 4200 ஆண்டுகளுக்கு முன் குறைந்ததை மைக்கேல் ஷ்டாப்வாசர் குழு 2003-இல் கண்டது. மேகாலயத்தின் மாம்லு குகைக் கசிவுப்பாறை அதே காலத்தை ஒட்டிப் பருவமழைக் குறைவைக் காட்டியது. அதை அடிப்படையாக வைத்துத்தான் பன்னாட்டு மண்ணடுக்கியல் ஆணையம் 2018-இல் கடந்த 4200 ஆண்டு காலத்துக்கு மேகாலயக் காலம் என்று பெயர் சூட்டியது. அதே குகையின் வேறு மாதிரிகள் அவ்வளவு திடீர் வீழ்ச்சியைக் காட்டவில்லை என்ற ஆய்வும் வந்திருக்கிறது. ஆகவே உலகமே ஒரே நாளில் காய்ந்தது என்பது போன்ற பேச்சை நான் ஏற்கவில்லை. நீலகிரியின் சதுப்புக் கரியில் சுகுமாரும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட பழங்கால வானிலை வரலாறு போன்றவற்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். அது பல்லாயிரம் ஆண்டுகளின் பெரும் அலையைச் சொல்வது, ஒரு நூற்றாண்டின் வறட்சியைப் பிரித்துக்காட்ட அதைக் கேட்கக் கூடாது. நெருங்கி நிற்கும் சான்றுகள் கோட்லா தஹரும் அரபிக்கடலும்தான். அவை ஒத்துப்போகின்றன.

ஆறு வற்றியதால்தான் ஊர்கள் போயின, மழைக்கு அதில் பங்கில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. காலிபங்கனை ஒட்டிய காக்கர் ஆற்றில் ஒரு காலத்தில் சட்லெஜ் நதியின் பனிநீர் ஓடியது, அது திசைமாறியதும் ஊர்கள் அழிந்தன என்பது அவர்கள் கட்சி. 2017-இல் வெளிவந்த ஆய்வு, சட்லெஜ் அந்தப் பாதையை விட்டு விலகி 8000 ஆண்டுகள் ஆகிவிட்டதைக் காட்டியது. காலிபங்கன் மக்கள் குடியேறியது கைவிடப்பட்ட நதிப் பள்ளத்தில், பருவமழையால் மட்டும் நிரம்பிய ஆற்றின் கரையில். ஆக, ஆற்றைப் பற்றிய வாதமும் சுற்றி வந்து மழையில்தான் முடிகிறது.

ஏரிச் சேறு இதற்கு மேல் பேசாது. மழை தளர்ந்த அந்த இருநூறு ஆண்டில் எட்டுத் தலைமுறைகள் பிறந்து மறைந்திருக்கும். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஊர்களின் குப்பைக்குழிகளும் அடுப்படிகளும்தான் சொல்ல முடியும். பெட்ரியும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ரவீந்திர நாத் சிங்கும் ஹரியானாச் சிற்றூர்களில் நடத்திய அகழாய்வில், மழை தளர்வதற்கு முன்பே அங்கே நெல்லும் தினை வகைகளும் பயறும் குளிர்காலப் பயிர்களும் கலந்து விளைவிக்கப்பட்டது தெரிந்தது. மழையின் குணம் அறிந்த உழவர்கள் அவர்கள். ஒரு பயிர் போனால் மற்றொன்று என்று வழி வைத்திருந்தவர்கள். அவர்கள் வறட்சியில் செத்து மடிந்ததற்குச் சான்றில்லை. கி.மு. 1900-க்குப் பின் கிழக்கே, கங்கைச் சமவெளியின் பக்கம், சிறிய ஊர்கள் பெருகுகின்றன. எழுத்து மறைகிறது, எடைக்கற்கள் மறைகின்றன, முத்திரைகள் மறைகின்றன; உழவு மறையவில்லை. நகரத்துக்குத்தான் உபரி தானியம் வேண்டும், தொலைதூர வணிகம் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும். உபரி குறைந்தால் கிராமம் சுருங்கிப் பிழைக்கும், நகரம் பிழைக்காது. மெசபடோமியாவுடனான கடல் வணிகம் தளர்ந்ததும் இதில் சேரும். கோட்லா தஹரின் வறட்சிக்கும் நகரங்களின் இறுதிக்கும் இடையே இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதை வறட்சிக் கட்சிக்காரர்கள் பேசுவதில்லை. அந்த இடைவெளி மனிதர்கள் எடுத்த முடிவுகளால் நிறைந்தது. நகரங்களின் சரிவுக்கு மழை காரணமல்ல என்பதும் பிசகு. மழைதான் காரணம் என்பதும் பிசகு. கோடை மழை தளர்ந்து, நகரம் கேட்ட உபரியைக் கிராமம் கொடுக்க முடியாத நிலை வந்தது என்பதே இன்றுள்ள சான்றுகள் தாங்கக்கூடிய வாக்கியம்.

அதையும் உறுதிப்படுத்த வேண்டுமானால் சிந்து மாகாணத்துக்குள்ளேயே, மொகஞ்சதாரோவுக்கு எட்டும் தூரத்தில், ஒரு ஏரிப் படிவு வேண்டும். அதன் வயதைச் சுண்ணாம்பு கலந்த சேற்றை வைத்துக் கணக்கிடாமல், நிலத்தில் விளைந்த விதையையோ இலையையோ வைத்துக் கணக்கிட வேண்டும். ராஜஸ்தான் ஏரிகள் ஹரியானாவின் கதையைச் சொல்லலாம், மொகஞ்சதாரோவின் கதையை அவை சொல்லவில்லை. சிந்துவெளி வறட்சியால் அழிந்தது என்று ஒரே வரியில் எழுதுபவர்கள், எந்த ஏரி, எந்த ஆண்டுக்கணக்கு, எந்தப் பருவத்தின் மழை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு எழுதட்டும்.